கருவாட்டுத் தாளில் வந்த கப்பற்படை

போன மாதம் என் சின்ன மகள் பள்ளி நூலகத்திலிருந்து தடிமனான புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் ஒரு போர்க்கப்பல். அவள் பக்கம் பக்கமாகப் புரட்ட, நான் வேலைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இது துடுப்புக் கப்பல். மூக்கப் பாரு. எதிரிக் கப்பல இடிச்சு ஓட்டை போடத்தான் அந்த மூக்கு" என்றேன். அடுத்த பக்கம் வந்தது. "இது பாய்க்கப்பல். பீரங்கி மூணு அடுக்கு. எண்ணிப் பாரு." அடுத்த பக்கமும் வந்தது. "இது மரத்து மேல இரும்புத் தகடு அடிச்சது. இதுக்கப்புறம் மரக்கப்பலுக்கு மதிப்பே இல்லாம போச்சு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்? நீங்க ஃபாரம் த்ரீதானே படிச்சீங்க?"

ஃபாரம் த்ரீதான். ஆனால் இதைப் பள்ளியில் படிக்கவில்லை. கருவாட்டில் படித்தேன். அதைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள். அதனால்தான் பிள்ளைகளே, உட்கார்ந்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் காலத்துத் தோட்டத்துக் கடையின் வாசனை உங்கள் மூக்குக்கும் வரும். வரட்டும்.

ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். இப்போது அங்கே தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. அப்போது எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினெட்டு. அவள் ஃபாரம் த்ரீ பாஸ் செய்த வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அம்மாவின் நிரையை, அந்த ரப்பர் மர வரிசையை, அக்கா ஏற்றுக்கொண்டாள். விடியுமுன் பட்டையைக் கீறி மரம் வெட்டப் போவாள். பத்து மணிக்கு மரத்தில் கட்டிய மங்குகளில் இறங்கிய பாலை வாளிகளில் சேர்த்து, தோளில் காவடித் தடியின் இரு பக்கமும் தொங்கவிட்டு, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி ஸ்டோருக்குக் கொண்டுபோவாள். ஒரு சொட்டுச் சிந்தாது. "உன் அக்கா நடக்குறப்ப வாளியில பால் தூங்குதுடா" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்வார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம் தோட்டத்துக்குப் புதிய மேனேஜர் வந்தார். எப்போதோ ஊருக்குப் போய்விட்ட வெள்ளைக்காரத் துரை, பங்களாவின் பின்னறையில் விட்டுப்போன ஆங்கிலப் படப் பத்திரிகைகளை அவர் காலி பண்ணச் சொன்னார். பங்களாச் சமையல்காரர் அவற்றைக் கட்டுக் கட்டாக டிராக்டரில் ஏற்றித் தோட்டத்துக் கடையில் இறக்கினார். கடைக்கார அண்ணனுக்குப் பொட்டலம் மடிக்க இரண்டு வருடத்துக்குத் தாள் கிடைத்தது.

அந்தத் துரைக்குக் கப்பல் பைத்தியம் போலும். பத்திரிகை முழுக்கப் போர்க்கப்பல்கள். எங்கள் வீட்டுக்கு முதல் கப்பல் அரை கட்டி எடைச் சூடைக் கருவாட்டைச் சுமந்துகொண்டு வந்தது. அம்மா கருவாட்டைச் சட்டியில் கொட்டிவிட்டுத் தாளை அடுப்புக்குள் செருகப் போனாள். அக்கா அதைப் பிடுங்கினாள். எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடல், புகை, நான்கு புகைபோக்கிகள். பின்பக்கம் அச்சடித்திருந்த எழுத்தெல்லாம் கடலுக்கு அடியில் தெரிந்தது.

கடலையே பார்த்திராதவள் என் அக்கா. அன்றைக்கு ஏன் அவளுக்கு அந்த ஆசை பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு கடைக்குப் போவது என் வேலையானது.

"என்னாடா, நேத்துதான வாங்குன? உங்கூட்டுல பூனை வளக்குறீங்களா?"

"அண்ணே, அந்தத் தாளு வேணாம்ணே. அதுக்குக் கீழ இருக்குல்ல, அதுல கட்டுங்க."

"கருவாடு வாங்க வந்தியா, காயிதம் வாங்க வந்தியா?"

"ரெண்டும்லா அண்ணே."

"நல்ல ஆளுடா நீ. போற போக்குல கருவாட்ட விட்டுட்டுக் காயிதத்த மட்டும் தூக்கிட்டுப் போயிருவ."

லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் எங்களுக்குத் தாள் சேர்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா வெங்காயம் வாங்கினால் தாளை வேலிக்கு மேலே நீட்டுவார். ஒரு பெரிய கப்பலின் முன்பாதி எங்களிடம் இருந்தது. பின்பாதி மண்டோர் வீட்டுக் கோழிக்கூண்டில் மழைக்கு மறைப்பாக ஒட்டப்பட்டிருந்தது. நான் அதை உரிக்கப் போய்ச் சேவலிடம் கொத்து வாங்கினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. என் பிள்ளைகளுக்குக் காட்டினால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

பழைய காலண்டர் தாள்களின் வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, சாக்கு ஊசியால் தைத்து, அக்கா ஒரு புத்தகம் செய்தாள். பசை, மங்கில் மிஞ்சிய ரப்பர் பால். ஒட்டி முடித்ததும் விரல் நுனியில் காய்ந்த பாலை உருட்டி உருட்டி உதிர்ப்பாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. கருவாட்டு வாசனையும் ரப்பர் வாசனையும் சேர்ந்த அந்தப் புத்தகத்தின்மேல் லயத்துப் பூனைகள் எல்லாம் வந்து படுத்துக்கொள்ளும். "உலகத்துலேயே பூனை நக்குற கப்பற்படை நம்மளுதுதான்" என்பாள்.

தாள் வரிசையாகவா வரும்? இரும்புக் கப்பல் முதலில் வந்தது. துடுப்புக் கப்பல் இரண்டு மாதம் கழித்துப் பச்சை மிளகாயோடு வந்தது. அக்கா பக்கத்தைப் பிரித்துப் பிரித்து வரிசைப்படுத்துவாள். முதலில் ஆள் பலத்தில் ஓடியது, பிறகு காற்றில் ஓடியது, பிறகு நீராவியில். முதலில் பக்கவாட்டில் மட்டும் சுடும் பீரங்கி. பிறகு மேடையோடு சேர்ந்து எந்தப் பக்கமும் திரும்பும் பீரங்கி. "பாத்தியாடா தம்பி, முன்னெல்லாம் சுடணும்னா கப்பலே திரும்பணும். இப்ப கப்பல் அதுபாட்டுக்குப் போகும், பீரங்கி மட்டும் திரும்பும்." இதைச் சொல்லும்போது அவள் நேராக நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பிக் காட்டுவாள். வாளித் தண்ணீரோடு அப்படி நடந்து ஒருநாள் துணிக்கொடிக் கம்பத்தில் மோதிக்கொண்டாள்.

பெரிய பீரங்கிக் கப்பல்களுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு கடல் படம் மட்டும். யுத்தத்தில் நம் நாட்டுக் கிழக்குக் கடலில், இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த செய்தி அது. "எவ்வளவு கனமான இரும்பு! மேலேருந்து வரும்னு யாரும் நெனைக்கலடா" என்றாள். சோழ ராஜா கடாரத்துக்கு வந்த கப்பலின் படம் எந்தக் கருவாட்டோடும் வரவில்லை. துரைக்கு அது தெரிந்திருக்காது. அக்கா அதைத் தானே வரைந்து ஒட்டினாள். அந்தக் கப்பலில் மறக்காமல் ஒரு அம்மிக்கல்லையும் வரைந்தாள். "அவ்வளவு பேரு சோறு திங்க வேணாமா?"

கடைசிப் பக்கத்தை மட்டும் காலியாக விட்டாள். "இது நான் கண்ணால பாக்குற கப்பலுக்கு."

கண்ணால் பார்க்க வழியும் இருந்தது. லூமுட் கடற்கரையில் நேவி முகாம் வந்திருந்தது. அந்தக் கடல் வழியாகத்தான் மாசி மகத்துக்குப் பங்கோர் தீவு காளியம்மன் கோயிலுக்குப் படகு போகும். எங்கள் தோட்டத்திலிருந்து வருடா வருடம் ஒரு பஸ் கிளம்பும். வயசுப் பெண்களைக் கூட்டிப் போகமாட்டார்கள், நேர்த்திக்கடன் இருந்தால் ஒழிய. அக்கா நேர்ந்துகொண்டாள். பால்குடம் எடுக்கிறேன் என்று. அதில் பாதி காளிக்கு, பாதி கப்பலுக்கு. இது எனக்கு மட்டும் தெரியும்.

அதே சமயத்தில்தான் சுங்காய் என்ற ஊரிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். அக்கா அப்பாவிடம் ஒரே ஒரு வருடம் கேட்டாள். வேலை முடிந்து வீட்டிலேயே படித்து, தனியாக, ஃபாரம் ஃபைவ் முடிவில் வரும் எஸ்.பி.எம். பரீட்சை எழுத வேண்டும். பாஸ் பண்ணினால் எங்காவது ஆபீஸ் வேலைக்குப் போகலாம். நேவி முகாமிலும்கூட ஆபீஸ் இருக்குமே.

அப்பா கெட்டவரில்லை. யாருக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர். அதுதான் அவருடைய குறை என்று இப்போது தெரிகிறது. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்ல முடியவில்லை, மகளுக்கும் சொல்ல முடியவில்லை.

"நீதான் நேந்துக்கிட்டியே பாப்பா. காளியம்மாகிட்டயே கேட்டுருவோம்" என்றார். "நம்ம தோட்டத்துப் பாலு குறையாம போய்ச் சேந்துச்சுன்னா, ஒரு வருசம் படி. நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். குறைஞ்சா வைகாசியில கல்யாணம். சரியா?"

எங்கள் தோட்டத்து வழக்கம் அப்படி. பாலை அங்கே போய் வாங்குவதில்லை. விடியற்காலையில் நம் தோட்டத்து மாட்டிடம் கறந்து, குடத்தில் கழுத்துவரை நிரப்பி, வேப்பிலை செருகி, மஞ்சள் துணியால் வாய் கட்டி, தீவு போய்ச் சேரும்வரை தரையில் வைக்காமல் மடியிலேயே கொண்டுபோக வேண்டும்.

அக்கா உடனே, "சரிப்பா" என்றாள். வெளியே வந்து என் காதில், "ரெண்டு வாளி தூக்குற தோளுக்கு ஒரு குடம் என்னடா!" என்றாள்.

இனி எங்கள் இரண்டு பேருடைய திட்டம். படகில் பெண்கள் எல்லாம் கீழே உட்காருவார்கள். வெயிலுக்கும் தண்ணீருக்கும் பக்கவாட்டில் படுதா இறக்கிவிடுவார்கள். ஒன்றும் தெரியாது. நான் கூரைமேல் ஏறிக்கொள்ள வேண்டும். கப்பல் தெரிந்ததும் காலால் இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அவள் குடத்தோடு எழுந்து படிப்பக்கம் வந்துவிடுவாள்.

"மறந்துருவியா?"

"மறக்கமாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பஸ்ஸில் லூமுட்வரை அக்கா குடத்தைக் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். வளைவு வரும்போதெல்லாம் உடம்பை வளைவோடு விடுவாள். பால் தூங்கியது. எங்கள் தோட்டத்து ஆட்கள் மட்டுமே ஏறிய சின்ன மரப்படகு. கீழே உறுமி, மேளம், சாம்பிராணிப் புகை. படகுக்காரச் சீனர் முன்னால் சுக்கானைப் பிடித்திருந்தார். கூரைமேல் கட்டிவைத்த காவடிகளுக்குக் காவலாக என்னை ஏற்றிவிட்டார்கள். வேறு யாருமில்லை.

பிள்ளைகளே, அந்தக் கப்பல் கட்டி நிறுத்தியிருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அது வெளியே வந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்த தகரக் கூரையின் நிறம். காகிதத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்தது, இங்கே வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், எங்கள் பக்கமாக வந்தது. வெள்ளை உடுப்பில் ஆட்கள் ஓரமாக வரிசையாய் நின்றார்கள். நான் எழுந்து நின்றேன். வாய் திறந்திருந்தது என்று நினைக்கிறேன், உப்புக் காற்று நாக்கில் பட்டது நினைவிருக்கிறது. என் காலுக்குக் கீழே இரண்டு முழ ஆழத்தில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள்.

நான் மிதிக்கவில்லை. மறந்துபோனேன். எனக்கு அக்கா இருப்பதே மறந்துபோனது.

கப்பல் கடந்துபோய்ச் சின்னதான பிறகுதான் அலை வந்தது. படகு தூக்கிப் போட்டது. நான் காவடிக் கட்டைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். மேளம் நின்றது. கீழே பெண்கள் "தாயே, தாயே" என்று அலறினார்கள். நான் இறங்கிப் போனபோது அக்காவின் மஞ்சள் புடவை மடியெல்லாம் நனைந்திருந்தது. குடத்தின் வாயில் கட்டிய துணி ஊறிச் சொட்டியது. பாதிக்குமேல் போய்விட்டது.

"அம்மா வேணாங்குறா" என்றது ஒரு கிழவி. "புள்ள மனசுல வேற என்னமோ இருக்கு. அதான் வாங்கமாட்டேங்குறா."

அப்பாவின் முகம் சாம்பலாகியிருந்தது. என்னைப் பார்த்தார். "மேலதான இருந்த? ஏன்டா அப்படி ஆடுச்சு?"

கப்பல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், பார்த்தாயா, ஏன் மிதிக்கவில்லை என்று அக்கா கேட்பாள். எனக்கு அப்பாவிடம் பயமில்லை. அக்காவிடம்தான் பயம்.

"ஒண்ணுமில்லப்பா. காத்து" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்புறம் மடியில் ஈரமாயிருந்த வேப்பிலையை எடுத்துக் குடத்தில் திரும்பச் செருகினாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. நல்ல பந்தல், நல்ல சாப்பாடு. மாமா நல்ல மனிதர். அதைச் சொல்லியாக வேண்டும். ஒருநாளும் அக்காவைக் கண்கலங்க வைத்ததில்லை. புகுந்த வீட்டுக்குக் கப்பல் புத்தகம் எதற்கு என்று அக்கா அதை என்னிடமே விட்டுப்போனாள். நான் அதைத் திறக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அதைப் பழைய பேப்பர் லாரிக்காரனிடம் போட்டுவிட்டார். எந்த ஊரில் எந்தக் கருவாட்டை மடிக்க அந்தக் கப்பல்கள் திரும்பிப் போயினவோ! நான் பெரியவனாகி ஈப்போவுக்கு வேலைக்கு வந்தேன். கல்யாணம், பிள்ளைகள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மாமாவும் போனார். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. லூமுட் பக்கம் நான் போனதே இல்லை. பிள்ளைகள் கடலுக்குப் போகலாம் என்றால் வேறு எங்காவது கூட்டிப்போவேன்.

போன வாரம் சுங்காய்க்கு, அக்கா வீட்டுக்குப் போனோம். என் மகள் நூலகப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அத்தையின் சமையல்கட்டு மேசையில் அதை விரித்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். முதலில் படத்தைப் பார்க்கவில்லை. தாளை மோந்து பார்த்தாள்.

"வாசனையே இல்லையேடா" என்றாள்.

அப்போது சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. கப்பல் வந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன், மிதிக்க மறந்தேன், காற்று என்று பொய் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். "நான் மிதிச்சிருந்தா நீ எந்திரிச்சு நின்னிருப்ப. நின்னிருந்தா அலை வர்றதப் பாத்து உடம்ப அதோட விட்டிருப்ப, பால் சிந்தியிருக்காது. உன் வருசம் என்னாலதான் போச்சுக்கா."

அக்கா விரல் நுனிகளை ஒன்றோடொன்று உருட்டினாள். அங்கே பால் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"காத்துக்கு ஆடுனா சும்மா அலம்பும். இது மூணு அலை. ஒண்ணு பெருசு. அடுத்தது அத விடப் பெருசு. மூணாவது அடங்கிருச்சு. பெரிய கப்பல் போனா பின்னால அப்படித்தான் வரும்னு நம்ம புத்தகத்துல இருந்துச்சு. கணவாக் கருவாட்டுத் தாளு. நீதான வாங்கிட்டு வந்த?"

"அப்ப ஏன்க்கா அப்பாகிட்ட சொல்லல?"

"சொன்னா எதுக்கு நேந்துக்கிட்டேன்னு தெரிஞ்சிருக்கும்லா. சாமிய ஏமாத்துனவள்னு ஆயிருக்கும்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அப்புறம், நீ சொல்லுவேன்னு பாத்தேன். பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குற மாதிரி நடிச்ச."

என் மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள், ஏதோ இருப்பதுபோல.

"சரி, மிதி."

"என்னாக்கா?"

"மிதிடா. ரெண்டு தடவை."

ஐம்பது தாண்டிய மனிதன், மகளுக்கு முன்னால், சுங்காய்ச் சமையல்கட்டின் சிமெண்டுத் தரையில் காலால் இரண்டு தடவை மிதித்தேன்.

அக்கா எழுந்து நின்றாள். முழங்கால் வலியோடு, மேசையைப் பிடிக்காமல் எழுந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "வந்துருச்சா? எப்படி இருக்கு, சொல்லு."

"தகரக் கலருக்கா. நனைஞ்ச தகரம்."

"பீரங்கி?"

"முன்னால ஒண்ணு. படுதா போட்டு மூடியிருக்கு. வெள்ளச் சட்டைக்காரங்க வரிசையா நிக்கிறாங்க. பின்னால ஒரு ஆளு மட்டும் வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு."

அக்கா சிரித்துவிட்டாள். "வெங்காயமா? பாத்தியா, நான் அன்னைக்கே அம்மிக்கல்லு வரைஞ்சேன்."

"கை ஆட்டுறாருக்கா. வெங்காயத்தப் புடிச்ச கையோட."

"உனக்கா?"

"படகுல இருக்குற எல்லாருக்கும்தான்."

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும் அதற்குப் பின்னால் செம்பனை மரங்களும்தான். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் படகுலதானடா இருந்தேன்" என்றாள்.

அப்புறம் ஒரு கையை மடிக்கு நேரே குடத்தைப் பிடித்தாற்போலவே வைத்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கி மெதுவாக ஆட்டினாள்.